15 அடி 6 அங்குலப் போர்டிகோ, வீட்டில் ஐந்து பேர்: சின்ன எஸ்யூவியா, நடுத்தர எஸ்யூவியா?

2025 ஜூலை 6, ஞாயிறு

ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவி போதவே போதாது என்பது என் எண்ணம். இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். இந்த வருடம் வாங்கியே ஆக வேண்டும், வாங்கினால் பத்து வருடமாவது வைத்து ஓட்டுவேன்.

வீடு திருவொற்றியூர், காலடிப்பேட்டைப் பக்கம். நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன், அம்மா. இப்போது இருப்பது 2013-இல் வாங்கிய ஹேட்ச்பேக். ஒரு பக்கம் சின்ன எஸ்யூவிகளான நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ. இன்னொரு பக்கம் நடுத்தர எஸ்யூவிகளான க்ரெட்டா, கிராண்ட் விட்டாரா, எலிவேட். ஆன் ரோடு, அதாவது வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து, 14 லட்சம் வரை போகலாம், இழுத்துப் பிடித்தால் 15.

ஜூலை 8

மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று கேட்டவர்களுக்கு: பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரை எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நேற்று நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். வருடத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்தான். பிள்ளைகளைத் தண்டையார்பேட்டைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவது, மாதம் இரண்டு முறை அம்மாவை முட்டி வலிக்காக ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, வருடத்துக்கு இரண்டு முறை மனைவியின் ஊரான கோவில்பட்டி. நான் வேலைக்குப் போவது மெட்ரோவில். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்த பிறகு காரில் ஆபீஸ் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு டீசல் வேண்டாம். அந்தப் பேச்சை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

நோட்டைப் பார்த்ததில் இன்னொன்றும் உறைத்தது. இந்தக் காரை அதிகம் ஓட்டுவது நான் இல்லை, மனைவி. நான் பாட்டுக்கு எனக்குப் பிடித்ததைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

டேப்பை எடுத்து வீட்டை அளந்தேன். முன்பே செய்திருக்க வேண்டியது.

கேட்டிலிருந்து மாடிப்படி வரை 15 அடி 6 அங்குலம், அதாவது சுமார் 4,724 மில்லிமீட்டர். கேட் வெளிப்பக்கம் திறக்கும். க்ரெட்டாவின் நீளம் 4,330, எலிவேட் 4,312, கிராண்ட் விட்டாரா 4,345. எல்லாம் உள்ளே போகும், கேட்டும் சாத்தும். நிம்மதியாக டேப்பைச் சுருட்டும்போது அம்மா உள்ளேயிருந்து கேட்டார்: "வண்டி நின்னா சம்ப் மூடிய எப்பிடிடா தொறப்ப?"

கேட்டை ஒட்டி 22 அங்குலம் வரை சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) மூடி இருக்கிறது. மெட்ரோ வாட்டர் லாரிக்காரர் வந்தால் ஐந்து நிமிடம்தான் நிற்பார். மூடியைத் திறந்து ஹோஸை இறக்கவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நான்கு மீட்டர் வண்டி நின்றால் பின்னால் 72 சென்டிமீட்டர் மிச்சம், மூடி வெளியே இருக்கும். நடுத்தர வண்டி என்றால் சுமார் 40 சென்டிமீட்டர்தான். மூடியின் ஒரு பகுதி பம்பருக்கு அடியில். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இல்லாத நேரத்தில் லாரி வந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

வட சென்னையில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஜூலை 13, இரவு

ஒரு திருத்தம். "எங்கள் தெரு குறுகல், அதனால் சின்ன எஸ்யூவி" என்று நண்பர் ஒருவர் சொன்னதை நானும் தலையாட்டி ஒப்புக்கொண்டிருந்தேன். தப்பு. அகலத்தைப் பாருங்கள்: பிரெஸ்ஸா 1,790 மி.மீ., க்ரெட்டாவும் 1,790. எலிவேட்டும் அதேதான். நெக்ஸான் 1,804. சின்னது என்று சொல்லப்படுவது பெரியதைவிட அகலம்! இவற்றில் பக்கக் கண்ணாடி சேராது என்பதால் தெருவில் உண்மையான அகலம் இன்னும் கூடும். ஆக, எதிரே தண்ணீர் லாரி வந்தால் இரண்டுக்கும் ஒரே பாடுதான். வித்தியாசம் நீளத்தில் மட்டும், நிறுத்துகிற இடத்திலும் முட்டுச்சந்தில் திருப்புகிற இடத்திலும்தான் அது தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. அம்மா பணம் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார், பார்ப்பதற்குத் தடை இல்லை. ஐந்து பேரும் போய் நான்கு வண்டிகளில் ஏறி இறங்கினோம். விற்பனையாளர்கள் எல்லாரும் என்னையே ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். நான் பின் சீட்டிலேயே இருந்தேன், மனைவி ஓட்டினாள்.

சீட் உயரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஹேட்ச்பேக் குழி மாதிரி, உட்காரும்போது விழ வேண்டும், எழும்போது யாராவது இழுக்க வேண்டும். எஸ்யூவி நல்லது என்று நினைத்தால் அதிலும் ஒரு எல்லை இருக்கிறது. ஒரு நடுத்தர வண்டியில் அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைத்தார், இன்னொரு கால் தரையிலிருந்து வரவில்லை. கதவின் அடிப்பகுதி, அந்தக் கட்டை போன்ற இடம், அகலமாக இருந்ததால் காலை எட்டி வைக்க வேண்டியிருந்தது. ஒரு சின்ன வண்டியில் சீட் இடுப்பு மட்டத்துக்குச் சரியாக இருந்தது. பின்பக்கமாக உட்கார்ந்து, அப்படியே திரும்பி, இரண்டு காலையும் உள்ளே வைத்துவிட்டார். இதை எந்தப் பிரசுரத்திலும் பார்க்க முடியாது. வீட்டுப் பெரியவரைக் கூட்டிப் போய் மூன்று முறை ஏற்றி இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

மூன்று பேர் உட்காருவது: நடுவில் மகன். ஒரு சின்ன வண்டியில் மகளின் தோளும் அம்மாவின் தோளும் அவனை முன்னால் தள்ளிவிட்டன. "நான் இட்லித் தட்டுல நடுக்குழி மாதிரி இருக்கேன்" என்றான். நடுத்தர வண்டியில் அந்தச் சிக்கல் குறைவு. அங்கே எனக்கு மனசு மறுபடி பெரிய வண்டி பக்கம் சாய்ந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஜூலை 27

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே உள்ள உயரம், பற்றிக் கேட்டவருக்கு நீளமாகவே எழுதுகிறேன், இதில் எனக்குப் பட்ட அடி இருக்கிறது.

எலிவேட் 220 மி.மீ., நெக்ஸான் 208, பிரெஸ்ஸா 198, க்ரெட்டா 190. இந்த முப்பது மில்லிமீட்டர் வித்தியாசம் வேகத்தடைக்கும், ரோடு மேல் ரோடு போட்டு உயர்ந்துபோன தெருவிலிருந்து பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்குள் இறக்குவதற்கும் உதவும். வெள்ளத்துக்கு இல்லை. வெள்ளத்தில் கணக்கு, என்ஜின் காற்றை இழுக்கும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. அதன் வாயில் தண்ணீர் போனால் சிலிண்டருக்குள் நிறைந்துவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது இடம் கொடுக்காமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மழை விட்ட மறுநாள் எர்ணாவூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் பால் பாக்கெட்டும் பிரெட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தண்ணீர் மேல் எண்ணெய் படலம் வேறு மிதந்தது, ஆழம் தெரியவில்லை. முன்னால் போன கன்டெய்னர் லாரி எழுப்பிய அலை பானட் மேல் ஏறியது, வண்டி நின்றது. நின்றதோடு விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். பதற்றத்தில் சாவியை இரண்டு முறை திருப்பினேன். செலவு 68,000 ரூபாய். என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை (தனியாகப் பணம் கட்டிப் பாலிசியோடு சேர்ப்பது) என் பாலிசியில் இல்லை, அதனால் காப்பீட்டில் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

எனவே எந்த அளவு வண்டி வாங்கினாலும் அந்தச் சேர்க்கையைப் போடுங்கள். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம். மழைக்கு முன்னால் வண்டியை உயரமான இடத்துக்கு ஏற்றிவிடுவதுதான் நிஜமான பாதுகாப்பு. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்திய மக்களைச் சிலர் கேலி செய்தார்கள். என்னைப் போல் ராடு வளைந்தவன் கேலி செய்ய மாட்டான்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

இன்று முன்பணம் கட்ட நல்ல நாள் என்று ஷோரூமிலிருந்து காலையிலேயே போன். அம்மாவும் பதினெட்டாம் பெருக்கு என்றால் சரி என்றார். போனோம். கொட்டேஷனை வாங்கி வரி வரியாகப் படித்ததில் பணம் கட்டாமல் திரும்பிவிட்டோம்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய வாழ்நாள் சாலை வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி எல்லைக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும் கூடுதல் என்று நினைக்காதீர்கள். முழு விலைக்கும் கூடிவிடும். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம் தாண்டினால் வரியில் ஐம்பத்து மூவாயிரம் கூடுதல். சன்ரூஃப் வேண்டும் என்று ஒரு வேரியன்ட் மேலே போகிறவர்கள் இந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வாங்கிக் கட்டும் வருமான வரி, தனி. அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் வாங்கும் அன்று கையில் இருக்க வேண்டும்.

அந்தக் கொட்டேஷனில் கேட்காமலேயே அடிப்பாகப் பூச்சு, கோட்டிங் என்று 28,000 ரூபாய் சேர்த்திருந்தார்கள். கடற்காற்று, துரு என்று பயம் காட்டினார்கள். கடற்காற்றில் துரு பிடிப்பது உண்மை, என் பழைய வண்டியின் சைலன்சரே சாட்சி. அதற்கு நான் கண்ட வைத்தியம் மாதம் ஒருமுறை அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது.

ஆகஸ்ட் 15, மாலை

யாரும் இப்போது புக் செய்யாதீர்கள். தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் செங்கோட்டையில் சொல்லியிருக்கிறார். கார்களுக்கு எவ்வளவு என்று தெரியும் வரை பொறுக்கலாம்.

செப்டம்பர் 4

நேற்று இரவு ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வந்துவிட்டது, 22-ஆம் தேதி முதல் அமல். நான்கு மீட்டர் வண்டிகளுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40. ஜிஎஸ்டிக்கு மேல் போட்டுவந்த செஸ் என்ற கூடுதல் வரி போய்விடுகிறது.

ஒரு கணக்கு போட்டேன். வரிக்கு முன் 8 லட்சம் உள்ள சின்ன பெட்ரோல் எஸ்யூவிக்கு இதுவரை 29 சதவீதம் சேர்ந்து 10,32,000. இனி 9,44,000. குறைவது 88,000 என்று நிறுத்தாதீர்கள், அந்த வண்டி பத்து லட்சக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. சாலை வரி 1,85,760-லிருந்து 1,22,720 ஆகிறது. மொத்தம் ஒன்றரை லட்சம் மிச்சம்! வரிக்கு முன் 10 லட்சம் உள்ள நடுத்தர வண்டிக்கு 45 போய் 40: பதினான்கரை லட்சம் பதினான்கு ஆகும். சாலை வரியில் 9,000 குறையும். மொத்தம் 59,000.

இரண்டும் மலிவாகின்றன, ஆனால் இடைவெளி அகன்றுவிட்டது. அந்தப் பணத்தில் சின்ன வண்டியின் ஆட்டோமேட்டிக்கே வரும்.

செப்டம்பர் 7

மேலே எழுதியதைத் திருத்துகிறேன், என்னை நம்பி யாரும் ஏமாந்துவிடக் கூடாது. நீளம் மட்டும் நான்கு மீட்டருக்குள் இருந்தால் போதாது. பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். பிரெஸ்ஸா 3,995 மி.மீ. நீளம்தான், ஆனால் பெட்ரோல் என்ஜின் 1,462 சிசி. அதனால் அதற்கு 40 சதவீதம். நெக்ஸானின் 1,199 சிசி பெட்ரோல், 1,497 சிசி டீசல் இரண்டும் 18-க்குள் வரும்.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிந்தது. இந்த நான்கு மீட்டர் என்பது வரிக்காகப் போட்ட கோடு. ஒரு குடும்பம் உள்ளே உட்கார முடியுமா என்பதை அந்தக் கோடு சொல்லாது. அதற்கு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளத்தைப் பார்க்க வேண்டும். நெக்ஸான் 2,498, பிரெஸ்ஸா 2,500, கியாவின் சைரோஸ் 2,550. நான் பட்டியலிலேயே சேர்க்காத சின்ன வண்டி, மஹிந்திராவின் எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 2,600! கிராண்ட் விட்டாராவுக்கும் அதே 2,600தான், க்ரெட்டாவுக்கு 2,610. 3எக்ஸ்ஓவில் மொத்த நீளம் 3,990 வைத்துக்கொண்டு சக்கரங்களை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். அகலமும் 1,821, இட்லித் தட்டு நடுக்குழிக்காரனுக்கு நல்ல செய்தி. இலவசமாக எதுவும் வராது, டிக்கியில் அந்த இடத்தைப் பிடுங்கியிருப்பார்கள். க்ரெட்டாவின் 433 லிட்டர் கிடைக்காது.

செப்டம்பர் 14

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டியவர்களுக்கு ஆட்டோமேட்டிக் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த ஆட்டோமேட்டிக் என்பது முக்கியம். ஏஎம்டி (சாதாரண கியர்பெட்டிதான், கிளட்சையும் கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும்) மலிவு, மெக்கானிக் வேலையும் எளிது, ஊர்ந்து போகையில் தலையாட்டும். இரட்டைக் கிளட்ச் நெடுஞ்சாலையில் அருமை, நின்று நின்று நகரும் நெரிசலில் சூடாகும். டார்க் கன்வர்ட்டரும் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்துவது) சிவிடியும் (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது) இந்த ஊருக்கு ஏற்றவை. மனைவி எல்லாவற்றையும் தண்டையார்பேட்டை நெரிசலில் ஓட்டிப் பார்த்து டார்க் கன்வர்ட்டர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் ஏன் பார்க்கவில்லை என்றால், ஆசைப்பட்டேன். கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டின் அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். ஊர்கிற சாலையில் மோட்டாரே இழுத்துக்கொள்ளும். ஆனால் எட்டாயிரம் கிலோமீட்டரில் அந்தக் கூடுதல் விலையை மீட்க எனக்கு ஆயுசு போதாது. தினமும் அம்பத்தூரோ ஸ்ரீபெரும்புதூரோ போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் பேசினோம், கொஞ்சம் சண்டையும் ஆனது. என் கட்சி: கோவில்பட்டிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அங்கே பெரிய வண்டி வேண்டும், டிக்கியும் வேண்டும். மனைவி பெட்ரோல் நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏங்க, அஞ்சு பேரும் தூரமாப் போனது வருசத்துக்கு நாலு நாள். மத்த நாளெல்லாம் நான் இந்த சந்துக்குள்ள திருப்பணும். அத்தை ஏறி இறங்கணும். தண்ணி பிடிக்கணும்."

எனக்குப் பதில் இல்லை. என் ஆசைக்கு நாலு நாள், அவள் வேலைக்கு மிச்ச நாள் எல்லாம். நாளை காலை 3எக்ஸ்ஓ, 1,197 சிசி பெட்ரோல், ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் புக் செய்கிறோம். பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம், எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக். பின் நடு சீட்டுக்கும் மூன்று புள்ளி பெல்ட் இருக்கிறது. மகன் உட்காரும் இடம் என்பதால் அதைத்தான் முதலில் இழுத்துப் பார்த்தேன்.

அம்மா ஏறும் சோதனை: மூன்று முறை, யாரும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 12

நேற்று வண்டி வந்தது. தேரடி போய் வடிவுடையம்மன் கோவிலில் மாலை போட்டு, எலுமிச்சை நசுக்கி, வீட்டுக்குள் விட்டோம். கேட் சாத்துகிறது.

அக்டோபர் 26

தீபாவளிக்குக் கோவில்பட்டி போய் வந்த கதை. மாதவரம் வழியாக வெளிவட்டச் சாலை பிடித்து வண்டலூரில் இறங்கினோம். கிளம்பிய நேரம் விடியற்காலை மூன்று, ஆனாலும் பரனூர் சுங்கச்சாவடியில் ஊரே நின்றது.

பின் சீட்டில் அம்மா இடப்பக்கம், மகள் வலப்பக்கம், மகன் நடுவில். திருச்சி வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மகளும் மகனும் தோளுக்குச் சண்டை போட்டார்கள். நடுத்தர வண்டியில் இந்தச் சண்டை மதுரையில் ஆரம்பித்திருக்கும், அவ்வளவு வித்தியாசம் உண்டு, மறைக்க மாட்டேன். திரும்பும்போது மாமனார் கொடுத்த ஒரு மூட்டை வெங்காயம், இரண்டு பெட்டி கடலைமிட்டாய், ஒரு டின் சீவல். டிக்கி நிறைந்து கடலைமிட்டாய்ப் பெட்டி மகன் காலடிக்கு வந்தது. விக்கிரவாண்டி வரும்போது ஒரு பெட்டி பாதியாக இருந்தது.

வருடத்தில் இருபது நாள் ஊருக்குப் போகிற குடும்பம் என்றால் நான் எழுதியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நடுத்தர வண்டியே வாங்குங்கள். எலிவேட்டின் 458 லிட்டர் டிக்கி இந்த வெங்காய மூட்டைக்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

நவம்பர் 16

ஒருவர் வருத்தம் உண்டா என்று கேட்டிருந்தார். கோவில்பட்டிச் சாலையில் இரண்டு தடவை வந்தது. இங்கே வரவில்லை. போன வாரம் நான் ஆபீஸில், மனைவி பேங்கில், சாவி அவள் பையில். மத்தியானம் அம்மா போன் செய்தார். "லாரி வந்துச்சுடா. நானே மூடிய தொறந்துட்டேன். சம்ப் ரொம்பிடுச்சு."